முந்தின சனிக்கிழமைக்காரி

அந்த அக்காவின் பேரை நான் இங்கே எழுதமாட்டேன். மறந்துபோய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தன் பேரை அவர் யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுத்தவர் இல்லை. அவர் கொடுக்காததை நான் எதற்கு எடுத்துப் புழங்க வேண்டும்? அக்கா என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். வயிறு எரிந்த நாட்களில் மனசுக்குள் 'அவள்' என்றும், அதற்கு மேலேயும் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் அச்சில் ஏறாது. அவர் திருப்பூரை விட்டுப் போயும் வெகு நாளாகிவிட்டது.

ஒரு பனியன் கம்பெனியில் நாங்கள் இருவரும் டெய்லர்கள். பக்கத்துப் பக்கத்து மெஷின். அவர் ஓவர்லாக், நான் ஃபிளாட்லாக். அவர் தோளையும் பக்கத்தையும் மூட்டித் தள்ளினால், நான் கையையும் கீழ் விளிம்பையும் மடித்துத் தைப்பேன். வேலையில் நான்தான் வேகம். பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் சூப்பர்வைசரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். பீஸ் கணக்குச் சம்பளத்தில் வாராவாரம் அவரைவிட நான்தான் அதிகம் வாங்குவேன். அப்படி இருந்தும் கம்பெனி முழுக்க அவருக்குத்தான் மரியாதை. ஒரு ஃபாரம் வந்தால் 'அந்தக்காகிட்டக் காமிச்சுட்டுப் போடு' என்பார்கள். என்னிடம் ஊசிதான் கேட்பார்கள்.

கையெழுத்துக்கு யார் எதை நீட்டினாலும் அக்கா கேட்பது ஒரே கேள்விதான். "எதுக்குங்க?" கூரியர்காரர் பார்சலைக் கொடுத்துவிட்டு விரலால் ஃபோனில் கீறச் சொன்னாலும் "எதுக்குங்க?" கோயில் நன்கொடைச் சீட்டு என்றாலும் "எதுக்குங்க?" கேட்கிற தொனியில் சண்டை இருக்காது. சோறு வேணுமா என்று கேட்பது போலத்தான் கேட்பார். பதில் வந்து, அது அவருக்குப் புரிந்து, அதற்கப்புறம்தான் பேனா இறங்கும்.

ஆதார் நகல், பான் கார்டு நகல் எதைக் கொடுத்தாலும் அதன் குறுக்கே சாய்வாக இரண்டு கோடு போட்டு, நடுவில் எதற்குக் கொடுக்கிறார் என்பதையும் தேதியையும் எழுதிவிடுவார். 'கேஸ் கனெக்‌ஷனுக்கு மட்டும்.' 'இன்சூரன்ஸுக்கு மட்டும்.' கம்பெனி ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த கிளார்க் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏனுங்க்கா, ஜெராக்ஸ் மேல இப்பிடிக் கிறுக்கி வெச்சிருக்கீங்க?"

"கிறுக்கலீங்க கண்ணு, வேலி போட்டிருக்கறனுங்க. இன்சூரன்ஸுக்குக் குடுத்தது இன்சூரன்ஸுக்கு மட்டுந்தான் போகோணும்."

அந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு கதை உண்டு. அதில் நானும் இருந்தேன், சாட்சியாக. கோடு போடாமல் அவர் எப்போதோ ஒரு சிம் கார்டுக்காக ரோட்டோரத்தில் குடை விரித்து உட்கார்ந்திருந்தவனிடம் கொடுத்த நகலை வைத்து, எவனோ ஒரு புண்ணியவான் அவர் பேரில் கடன் வாங்கிவிட்டான். மூன்று மாதத்துக்கு ஒருதரம் மதியச் சோற்று நேரத்தில் அக்கா ஃபோனில் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று பேங்குக்குச் சொல்கிற தன் ஸ்கோரைப் பார்ப்பார். மற்றவர்கள் ராசிபலன் பார்க்கிற மாதிரி. அன்றைக்குப் பார்த்தவர் கையில் எடுத்த உருண்டையை அப்படியே டப்பாவில் போட்டுவிட்டார்.

"அம்மிணி, நான் வாங்காத கடன் ஒண்ணு என்ற பேருல நிக்குதுங்க."

கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியின் கிளை ஊருக்குள்ளேயே இருந்தது. மறுநாள் லீவு போட்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த ஆள், இதெல்லாம் மேலிடத்து வேலை, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார். அக்கா எழுதிக் கொடுத்தார். கொடுத்ததற்கு நகலில் கையெழுத்தும் சீலும் கேட்டு வாங்கினார். அப்புறம் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"ஏம்மா, இன்னும் எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"சொல்லி அனுப்பறோம்னீங்களே, அதுக்குத்தானுங்க. இங்கயே இருந்தா உங்களுக்கு அனுப்பற வேலை மிச்சமுங்க."

மத்தியானம் ஆனது. அக்கா தூக்குப்போசியைத் திறந்து தக்காளிச் சோற்றை எடுத்தார். எனக்கு ஒரு பங்கு வைத்தார். அந்த ஆளிடமும் நீட்டினார். "சாப்பிடுங்க சாமி, வயித்தைக் காயப்போடாதீங்க. யாரோ என்ற பேரைப் போட்டுக்கிட்டுத் திரியறாங்க. அதைக் கழட்டி வாங்கிக் குடுங்க, நான் பாட்டுக்குப் போயிடறேன்." அந்த ஆள் எழுந்து உள்ளே போய் யார் யாருக்கோ ஃபோன் போட்டார். சாயங்காலத்துக்குள் கையெழுத்து ஒத்துவரவில்லை, போட்டோ வேறு பெண்ணுடையது என்று தெரிந்துவிட்டது. அதை எழுத்தில் கொடுத்தார்கள். ஸ்கோர் போடுகிறவர்களுக்கும் அக்கா தனியாகப் புகார் அனுப்பினார். சில வாரங்களில் அந்தக் கடன் அவர் கணக்கிலிருந்து மறைந்தது.

நல்லது நடந்தால் சந்தோஷப்பட வேண்டும். நான் பட்டேனா? கிளம்பும்போது அந்த ஆள் எழுந்து நின்று அக்காவுக்குக் கும்பிடு போட்டார். நான் என் பாஸ்புக்கில் பதிவு போடப் போய் எத்தனை தரம் கால் கடுக்க நின்றிருப்பேன். என்னை ஒருத்தர் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அவர் நிட்டிங் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், மெஷின் சத்தத்திலேயே இருந்து இருந்து, சொல்வதையும் சத்தமாகத்தான் சொல்வார். "அந்தக்காளப் பாத்துப் பழகு!" பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும். அன்றிலிருந்து அக்காவின் ஸ்கோர் எண்ணையும் ஓயாமல் சொல்லிக் காட்டத் தொடங்கினார். அன்றைக்கு ராத்திரி குழம்பில் உப்பு கூடிப்போனதற்கு நான் பொறுப்பில்லை.

இன்னொன்று அந்த ஃபிரிட்ஜ். தீபாவளி நோம்பிக்குப் போனஸ் வாங்கிய கையோடு அக்கா போய் ஃபிரிட்ஜ் வாங்கினார். கையில் முழுப் பணமும் இருந்தது. இருந்தும் தவணையில் வாங்கினார். எங்கள் தையல் லைன் முழுக்கச் சிரித்தது. சிரிப்பைத் தொடங்கி வைத்தது நான்தான்.

"காசைக் கையில வெச்சுக்கிட்டு வட்டி கட்டற ஒரே ஆளு இந்தத் திருப்பூர்லயே நீங்கதானுங்க்கா."

அவரும் சிரித்தார். "கடனே வாங்காதவளப் பத்தி பேங்குக்கு என்னங்க அம்மிணி தெரியும்? நல்லவளா, டபாய்க்கறவளான்னு அவிக எப்பிடிக் கண்டாங்க? சின்னதா ஒண்ணு வாங்கி ஒழுங்காக் கட்டிக் காமிக்கோணுமுங்க. அப்பத்தான் பெருசு கேக்கற அன்னைக்கு வாயத் தொறக்க முடியும்."

பெரிதாக என்ன கேட்கப் போகிறாராம் என்று நான் வாய்க்குள் முனகிக்கொண்டேன்.

இனி சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் மாதச் சம்பளம் ஆபீஸில் இருப்பவர்களுக்குத்தான். டெய்லர், செக்கிங், அயர்ன் எல்லாருக்கும் சனிக்கிழமை சாயங்காலம்தான் சம்பளம். அதனால் ஊரே சனிக்கிழமையைப் பார்த்துத்தான் ஓடும். மளிகைக் கடை, பால்காரர், சீட்டுப் பிடிக்கிற அம்மா, யாராக இருந்தாலும் "சனிக்கிழமை தர்றனுங்க" என்று சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. சொன்ன மாதிரி சனிக்கிழமை கொடுத்துவிட்டால் அவள் நாணயமானவள். நான் நாணயமானவள். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை.

எனக்கு ஸ்கூட்டி ஒன்று தவணையில் இருந்தது. மகளிர் குழுவில் ஒரு கடனும் இருந்தது. இரண்டுக்கும் கட்ட வேண்டிய நாள் மாதக் கடைசி. மாதக் கடைசி செவ்வாயில் வரும், வியாழனில் வரும். அதற்கு நான் என்ன செய்ய? அதற்கடுத்த சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு கட்டிவிடுவேன். தாமதத்துக்கு என்று போட்ட அபராதத்தையும் முகம் சுளிக்காமல் சேர்த்துக் கட்டுவேன். அபராதம் கட்டிவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என்று நான் மட்டுமா நினைத்தேன்? எங்கள் லைனில் பாதிப் பேர் அப்படித்தான்.

அக்கா மட்டும் தலைகீழ். தவணை நாளுக்கு அடுத்த சனிக்கிழமை இல்லை, முந்தின சனிக்கிழமையே பணத்தைக் கொண்டுபோய்க் கணக்கில் போட்டுவிடுவார். சம்பளக் கவரோடு நாங்கள் எல்லாம் பேக்கரிக்குப் போய் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிடுவோம். அவர் எதிர்ப்பக்கம் பேங்க் மெஷினில் பணம் போடப் போவார். போட்டுவிட்டு வந்துதான் டீ. அவருக்கு 'முந்தின சனிக்கிழமைக்காரி' என்று பட்டம் வைத்தது நான்தான். ஒரு வாரத்தில் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. அவர் காதுக்கும் போயிற்று.

"நல்ல பேருதானுங்க," என்றார். அவ்வளவுதான்! கோபித்துக்கொண்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒரே ஒருதரம் அவராக என்னிடம் சொன்னார். "ஒரு வாட்டி பல்லைக் கடிச்சுக்கிட்டு முன்னால போட்டுட்டீங்கன்னா, அப்பறம் எப்பவும் முன்னாலயே ஓடுமுங்க அம்மிணி."

"என்ற பணத்தை எப்பக் கட்டோணும்னு எனக்குத் தெரியுமுங்க்கா," என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பவர் டேபிள் விலைக்கு வந்தது. பவர் டேபிள் என்றால் வரிசையாகத் தையல் மெஷின்கள் போட்ட சின்ன யூனிட். தகரக் கொட்டகைக்குள் இருக்கும். பெரிய கம்பெனியிலிருந்து வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிற வேலை. எங்கள் கம்பெனிக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர், உடுமலைப்பேட்டையில் தன் தென்னந்தோப்போடு போய் இருந்துவிடுகிறேன் என்று முடிவு செய்துவிட்டார். என் வேகத்தை அவர் பல நாள் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டு, "நீ எடுத்து நடத்து கண்ணு. உன்ற கைக்கு ஒரே வருசத்துல மேல வந்துருவே. பேங்குல லோன் கேட்டுப் பாரு. மாசம் முடியறதுக்குள்ள சொல்லிப்போடு, நான் வேற ஆளத் தேடாம வெச்சிருக்கறேன்," என்றார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சின்ன வயதில் கைமடியாகச் சேர்ந்து, டெய்லர்களுக்குத் துணி எடுத்துக் கொடுத்துத் தொழில் பழகியவள் நான். அடுத்தவன் மெஷினில் உட்கார்ந்தே காலம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். யூனிட்டுக்கு முருகன் பேரில் என்ன போர்டு வைப்பது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். "உங்க கைக்கு அது வந்தே தீருமுங்க," என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்போது அவர் முகத்தில் பொறாமை தெரிகிறதா என்று நான் உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பேங்கில் ஒரு சின்ன வயசுப் பெண் ஆபீஸர். என் பான் நம்பரைத் தட்டினாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கோர் ரொம்பக் குறைவா இருக்குங்களே. இதுக்கு லோன் குடுக்க முடியாதுங்க."

"என்னங்க சொல்றீங்க? ஒரு தவணைகூட நான் பாக்கி வெச்சதில்லீங்க!"

"பாக்கி இல்லீங்க. ஆனா ஒவ்வொரு மாசமும் லேட்டு. இங்க பாருங்க, வரிசையா லேட்டு."

"அதுக்குத்தான் ஃபைன் கட்டியிருக்கறனுங்களே!"

"ஃபைன் கட்டினா அந்த மாசத்து லேட்டு இல்லைன்னு ஆயிடாதுங்கம்மா. லேட்டு லேட்டாத்தான் பதிவாகும்."

"எங்களுக்குச் சனிக்கிழமைதானுங்க சம்பளம்."

அந்தப் பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "அது இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்கம்மா. இனிமேல் தேதி தவறாமக் கட்டுங்க, மெதுவா ஏறும். ஒண்ணு ரெண்டு வருசத்துல திரும்ப வாங்க."

பெரியவர் கொடுத்த கெடுவோ மாசம் முடிகிற வரைக்கும்தான். நாணயமானவள் என்று அத்தனை வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தேன். வெளியே வந்து ஸ்கூட்டியைப் பார்த்தேன். அதை ஒரு உதை விட்டேன். கால்தான் வலித்தது.

மறுநாள் மதியம் கைகழுவுகிற குழாயடியில் அக்காவைப் பிடித்தேன். சுற்றி வளைக்கவில்லை. "லோனை உங்க பேருல எடுங்க்கா. தவணை பூரா நான் கட்டறேன். நீங்க ஒரு பைசா போட வேண்டாம். பேருக்குத்தானுங்க."

எங்கள் பக்கத்தில் இது நடக்காத விஷயம் இல்லை. குழுக் கடனை ஒருத்தி பேரில் எடுத்து இன்னொருத்தி மெஷின் வாங்குவாள். தம்பிக்கு ஃபோன் அக்கா பேரில் இருக்கும். கேட்டுப் பெறுகிறவர்கள் எல்லாருமே 'பேருக்குத்தான்' என்றுதான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். பக்கத்து மெஷினில் இத்தனை வருடம் உட்கார்ந்தவள் கேட்கிறேன். மாட்டேன் என்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா குழாயை மூடினார். முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேணாமுங்க அம்மிணி."

"என்னை நம்பலையாக்கா?"

"உங்களை நம்பறனுங்க. ஆர்டர் வருமா, கம்பெனிக்காரன் பணம் போடுவானா, உங்க உடம்பு நல்லா இருக்குமா, அதையெல்லாம் நான் எப்பிடிங்க நம்பறது? நீங்க நல்லவங்களா இருந்தே ஒரு மாசம் தவறலாமுங்களே. எனக்குச் சொத்தா பத்தா, இருக்கறதே இந்தப் பேரு ஒண்ணுதானுங்க."

சொல்லிவிட்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? கையில் கிடந்த இரண்டு தங்க வளையலையும் கழற்றினார். சோப்பு ஈரத்தில் சுலபமாக வந்துவிட்டது. "இதை எடுத்துட்டுப் போய் அடகு வெச்சுக்குங்க. வித்துக்கிட்டாலும் சரிதானுங்க, திருப்பிக் குடுக்காட்டியும் கேக்க மாட்டேன். பேரை மட்டும் கேக்காதீங்க."

தங்கத்தைத் தருகிறாள், பேரைத் தரமாட்டேன் என்கிறாள்! என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்குப் பதிலாகக் கத்தினேன். "உங்க வளவிய நீங்களே போட்டுக்குங்க! அந்த ஸ்கோரையும் நீங்களே வறுத்துத் தின்னுங்க!" சாப்பிட்டுக்கொண்டிருந்த செக்கிங் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினவள்தான், அந்தக் கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லை.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். மாசம் முடிந்ததும் அந்தப் பெரியவர் நேராக அக்காவிடம் போயிருக்கிறார். 'உனக்குன்னா லோன் உடனே கெடைக்கும், நீயே எடுத்துக்கோ' என்றிருக்கிறார். கிடைத்தது. நான் போர்டு மாட்டிப் பார்த்த தகரக் கொட்டகையில் அவர் பால் காய்ச்சினார். எனக்கும் ஆள் விட்டு அழைப்பு வந்தது, போகவில்லை. அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டில் பாத்திரங்கள் சத்தத்தோடுதான் கழுவப்பட்டன. பெரியவர் தானாகத் தேடிப் போய்க் கொடுத்தார், அக்கா கேட்டுப் போகவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? என்னைவிட மெதுவாகத் தைக்கிறவளுக்கு என்னுடைய மெஷின்கள்!

வேறு கம்பெனியில் சேர்ந்தேன். வழியில் அவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் முதலில் எல்லாம் நின்று "நல்லா இருக்கீங்களா அம்மிணி?" என்பார். நான் காது கேட்காதவள் மாதிரி போவேன். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். நின்று பார்ப்பதை மட்டும் விடவில்லை.

ஆனால் பொறாமையால் எனக்கு நடந்த ஒரே நல்லது அந்த நாட்களில்தான் நடந்தது. அவளால் முடியும்போது எனக்கு என்ன கேடு என்று, ஒரு சனிக்கிழமை பேக்கரிக்குப் போகாமல் நேரே போய் அந்த மாதத்துத் தவணையை முன்கூட்டியே கணக்கில் போட்டேன். அந்த வாரம் வீட்டில் கறி கிடையாது, ரசம்தான். அவர் சொன்ன மாதிரியே, ஒரு வாட்டி முன்னால் போட்டதும் அப்புறம் முன்னாலேயே ஓடியது. அது சரியாகிப் போனதற்கும் எனக்கு எரிச்சல்தான். யாரும் பார்க்காத நேரத்தில் ஆதார் நகலில் சாய்வாக இரண்டு கோடும் போடத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு, "இது அந்தக்கா பண்றதாச்சே?" என்றார். "கோடு போடறது அவிக ஒருத்தருக்கே பட்டா போட்டுக் குடுத்திருக்கா?" என்று ஒரு சத்தம் போட்டேன்.

ஸ்கோர் ஏறுவது வெண்டைக்காய்ச் செடி வளர்வது போல இல்லை, தென்னை வளர்வது போல இருந்தது. பார்த்துப் பார்த்துக் கண் பூத்தது. ஆனால் ஏறியது. ஸ்கூட்டிக் கடன் முடிந்தது, குழுக் கடனும் முடிந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆனபின் அதே பேங்கில், அதே பெண் ஆபீஸர், திரையைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லா இருக்குங்கம்மா." ஒரு சின்ன யூனிட்டுக்கு வேண்டிய லோன் எனக்குக் கிடைத்தது. யாருடைய கையெழுத்தும் இல்லாமல், என் பேரிலேயே.

முதல் வேலையாக அரைக் கிலோ லட்டு வாங்கிக்கொண்டு அக்காவின் கொட்டகைக்குப் போனேன். நல்ல விஷயத்தைச் சொல்லவா போனேன்? பார்த்து வயிறு எரியட்டும் என்றுதான் போனேன்.

உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா பழைய இடம் போலவே ஓவர்லாக்கில் உட்கார்ந்திருந்தார். ஓனர் ஆனபிறகும் தைக்கிறார்! பக்கத்து மெஷினில், நான் உட்காருகிற பக்கத்தில், ஒரு சின்னப் பெண். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. "வாங்கக்கா, டீ குடிக்கியளா?" என்று எழுந்து ஸ்டூல் போட்டாள். அக்கா என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். நான் ஃபோனைத் திறந்து ஸ்கோரைக் காட்டினேன். லட்டை அப்புறம்தான் நீட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அடேங்கப்பா! என்னுதவிட ஒசந்துருச்சுங்களே அம்மிணி!"

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். "எங்க, உங்களுதக் காட்டுங்க பாக்கலாம்."

காட்டினார். எந்த எண்ணைச் சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரர் என் உயிரை எடுத்தாரோ அது சரிந்து கிடந்தது, முன்பு என்னுடையது கிடந்த இடத்தில்.

"என்னங்க்கா இது? மறுபடியும் யாராவது உங்க பேருல வாங்கிட்டாங்களா?"

"இல்லீங்க. நானேதான் ஒருத்தருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டனுங்க. ஊர்ல அவங்கம்மாவுக்கு உடம்புக்கு முடியாமப் போயிருச்சு. கொஞ்ச மாசம் கட்டறதுக்கு ஆகலை. இப்ப வந்து கட்டிக்கிட்டிருக்கறா. சரியாயிருமுங்க, நாள்தான் ஆகும்."

"யாருக்குங்க?"

அக்கா மோவாயால் பக்கத்து மெஷினைக் காட்டினார். அந்தப் பெண் டீ வாங்கத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்று துள்ள வேண்டிய இடம் அது. எனக்கு வந்ததோ, குழாயடியில் வந்ததைவிட நூறு மடங்கு எரிச்சல். எனக்குக் கொடுக்காத பேர்! கூடவே உட்கார்ந்து, ஒரே டப்பாவில் தின்று, துணைக்கு லீவு போட்டுக்கொண்டு போன எனக்கு இல்லை என்று சொன்ன பேரை, நேற்று பஸ் ஏறி வந்தவளுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். இத்தனை நாள் அந்த ஸ்கோர் மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள், என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

"எனக்கு மட்டும் மாட்டேன்னீங்களே," என்றேன்.

"மாட்டேன்னுதான் சொன்னனுங்க." அக்கா ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். "நீங்க அன்னைக்கு எந்துருச்சுப் போனீங்க, திரும்பியே பாக்குலீங்க. இங்க வந்தும் இந்த மெஷின்ல ரொம்ப நாளு ஆளே போடாமத்தான் வெச்சிருந்தனுங்க. கோவம் தீந்து என்னைக்காவது வருவீங்கன்னு. அப்பறம் இவ வந்தா. இவளும் ஒரு நாளு கேட்டா. எனக்கு மாட்டேன்னு சொல்ல வாயி வருலீங்க அம்மிணி. இவளும் எந்துருச்சுப் போயிட்டாள்னா?"

நான் அந்தக் காலி ஃபிளாட்லாக்கைப் பார்த்தேன். என் உயரத்துக்கு வைத்த ஸ்டூல், அந்தப் பெண்ணுக்கு அது கொஞ்சம் உயரம்தான்.

"இப்ப எனக்கு ஒரு கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு லோன் வந்தாகிவிட்டது. ஜாமீன் எதுவும் வேண்டியதில்லை. இருந்தும் கேட்டேன்.

அக்கா சிரித்தார். "இப்ப என்ற கையெழுத்தை எந்த பேங்குலயும் எடுக்க மாட்டாங்களே அம்மிணி."

"எடுக்காட்டிப் போகட்டுமுங்க. நீங்க போடுவீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பண்டல் மேல் நம்பர் எழுதுகிற பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "எங்க போடோணும், காட்டுங்க."

எதுக்குங்க என்று அவர் கேட்கவில்லை. கூரியர்காரரைக்கூட விடாமல் கேட்கிற மனுஷி, என்னிடம் கேட்கவே இல்லை.

அந்தப் பெண்ணிடம் கேட்டிருப்பார். கட்டாயம் கேட்டுவிட்டுத்தான் போட்டிருப்பார்.